மைக்குக்கு அந்தப் பக்கம் இருப்பவர்

தஞ்சாவூர்ச் சீமையில் நாகஸ்வரமும் தவிலும் பழக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் யூடியூபில் கேட்டுத்தான் இந்த வாத்தியத்தின் மேல் ஆசை கொண்டீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் தலைமுறைக்குப் பஞ்சாயத்து ரேடியோ அந்த ஆசையைக் கொடுத்தது. எங்களுக்கு மூத்தவர்களுக்குக் கிராமபோன் தட்டு கொடுத்தது. மைக், தட்டு, ரேடியோ, போன் என்று வந்த ஒவ்வொன்றும் நம் நாதத்தை இன்னும் கொஞ்சம் தூரம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. வாசிக்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே இருந்த உறவையும் ஒவ்வொன்றும் தன் போக்கில் மாற்றியிருக்கிறது. அந்த மாற்றத்தைத் தெரிந்துகொண்டு தொழிலுக்கு வாருங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

1. நம் வாத்தியமே ஊருக்குச் சேதி சொன்ன வாத்தியம்.

கச்சேரி மேடையெல்லாம் பின்னால் வந்தது. அதற்கு முன்னால் மேளக்காரர் வாசித்தது நாலு வீதிக்கும் சேதி சொல்லத்தான். கம்பீர நாட்டையில் மல்லாரி கேட்டால் சாமி புறப்பட்டாயிற்று என்று அர்த்தம். மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் போகும்போது தளிகை மல்லாரி, தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, தேர் நகரும்போது தேர் மல்லாரி. அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருக்கிற அம்மாவுக்கு வாசலை எட்டிப் பார்க்காமலே எது எங்கே நடக்கிறது என்று தெரியும். விடியலில் பூபாளம், பள்ளியறை நேரத்தில் நீலாம்பரி. கடிகாரம் இல்லாத வீட்டிலும் பொழுது தெரிந்தது.

மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. ஒரு சொல்லும் இல்லாமல் ஊருக்கே விஷயம் புரிந்ததென்றால், வாசிக்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே பல தலைமுறைப் பழக்கம் இருந்தது என்று அர்த்தம். மல்லாரியைப் பாடமாகக் கற்கும்போதே அது யாருக்கு என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். உட்கார்ந்தே பழகாதீர்கள். நின்றும் நடந்தும் பழகுங்கள். வீதி திரும்பும் இடத்தில் சத்தம் எப்படி மாறுகிறது, சுவர் எங்கே திருப்பிக் கொடுக்கிறது, எந்தத் திண்ணையில் இருக்கிறவர் தலையாட்டுகிறார் என்பதெல்லாம் பாடத்தில் சேர்ந்தவை.

2. சுவிட்சு போட்டால் அடிக்கும் மேளத்தைப் பற்றி.

இன்றைக்கு டெல்டாவில் எத்தனையோ கோயில்களில் மணியும் முரசும் சேர்த்துப் பூட்டிய ஒரு மோட்டார் இயந்திரம் நிற்கிறது. தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் அதுபாட்டுக்கு அடிக்கும். ஆள் கிடைக்காத சின்னக் கோயிலில் அர்ச்சகர் ஒருவரே எல்லாம் பார்க்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சத்தம் கேட்டு யாராவது வீட்டிலிருந்து எழுந்து வருகிறார்களா என்று கவனியுங்கள். வருவதில்லை. அது எந்த நாளும் ஒரே மாதிரி அடிக்கிறது. பிரதோஷமும் ஒன்றுதான், சாதாரணச் செவ்வாய்க்கிழமையும் ஒன்றுதான். அதில் சேதி இல்லை. சேதி இல்லாத சத்தத்துக்குக் காது சீக்கிரம் மரத்துவிடும்.

உங்கள் ஊர்க் கோயிலில் இந்த இயந்திரம் இருந்தால் நிர்வாகத்திடம் போய்க் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் சாயரட்சைக்கு நாங்கள் வாசிக்கிறோம், அன்றைக்கு அதை நிறுத்தி வையுங்கள் என்று சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவையாவது வாங்கிக்கொள்ளுங்கள். இலவசமாக வாசித்துப் பழக்கினால் நாளைக்கு வருகிற இன்னொரு பையனின் வயிற்றில் அடித்ததாகிவிடும்.

3. மைக் உங்களுக்காக வைத்தது இல்லை.

நாகஸ்வரத்துக்கு இயல்பிலேயே எட்டும் சக்தி உண்டு. குட்டையான திமிரி நாயனத்தை உச்சச் சுருதியில் வாசித்தால் வயல் தாண்டிக் கேட்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அந்தத் திமிரியை விட்டு, நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்துக்கு வந்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காகவே சுத்த மத்தியமம் சரியாகப் பேசும்படி பாரியைக் கடைந்து கொடுத்தது 1955-இல். அடுத்த ஆண்டு டிசம்பரில் பிள்ளை காலமாகிவிட்டார். ஆனால் அந்த வாத்தியம்தான் இன்று உங்கள் கையில் இருக்கிறது. ஆச்சா மரத்தில் கடைந்த நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மைக்கும் கச்சேரி மேடையும் இல்லாதிருந்தால் பாரி இவ்வளவு பரவியிருக்காது என்பது என் எண்ணம். கத்த வேண்டிய அவசியம் போனதும் குழைவுக்கு இடம் கிடைத்தது. அது மைக் கொடுத்த வரம். ஆனால் மேடையில் ஏறியதும் மைக்கை அணசின் வாயிலேயே செருகிவைக்கிறார்கள். அப்போது காற்றுச் சத்தமும் கீறலும்தான் பெரிதாகும், நாதம் கேட்காது. மூன்று நான்கு அடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தவிலுக்கு இன்னும் தள்ளி. மைக்செட்டுக்காரரிடம் அதிகாரமாகப் பேசாதீர்கள். “அண்ணே, கொஞ்சம் வந்து கேட்டுப் பாருங்க” என்று கூப்பிட்டு, வாசித்துக் காட்டுங்கள். அவருக்கும் காது உண்டு.

மேடையில் தவில்காரரை உங்கள் காதால் கேட்கும் தூரத்தில் உட்காருங்கள். பெட்டி வழியாக அவரைக் கேட்க ஆரம்பித்தால் அவர் முகம் பார்ப்பது நின்றுபோகும். முகம் பார்க்காத ஜோடிக்குத் தீர்மானம் சேர்ந்து விழாது.

4. தட்டில் இருப்பது தோடி முழுதும் இல்லை.

கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம். ராத்திரிப் புறப்பாட்டில் மணிக்கணக்காக ஒரே ராகத்தை விரித்தவர்கள், அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கி வாசிக்க வேண்டியிருந்தது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி தட்டுகளில் அதைக் கேட்கலாம். சாற்றை மட்டும் வடித்துக் கொடுத்திருக்கிறார். கேட்டவர்கள் அதைப் பொக்கிஷமாக வைத்துக்கொண்டார்கள். காருகுறிச்சி அருணாசலம் அவரிடம் கற்றவர். கொஞ்சும் சலங்கை படத்துக்காக அவர் வாசித்ததை 1962-இலிருந்து மைக்செட்டுக்காரர்கள் ஊர் ஊராகப் போட்டார்கள். நாகஸ்வரத்தை நேரில் கேட்டே இராத வீட்டுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

நீங்கள் பதிவைக் கேட்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த நீளத்தைத் தீர்மானித்தது வித்வானின் மனோதர்மம் இல்லை, தட்டின் அளவு. இன்றைக்கு ரீல்ஸ் முப்பது விநாடி கேட்கிறது. முப்பது விநாடிக்கு ஒரு துரிதப் பிடி போதும். அதையே திரும்பத் திரும்பச் சாதகம் செய்தால் கை அதற்கு மட்டும் பழகிப்போகும். தினமும் ஒரு ராகத்தையாவது நேரம் பார்க்காமல் வாசியுங்கள். போனை அந்த நேரத்துக்கு வேறு அறையில் வையுங்கள்.

பதிவைக் கேட்பது மட்டும் போதாது என்பதற்கு ஷேக் சின்ன மௌலானா சாகிப் சாட்சி. ஆந்திராவில் கரவதியில் பிறந்தவர். நாகஸ்வரக் குடும்பம். ராஜரத்தினம் பிள்ளையின் பாணியில் மனத்தைப் பறிகொடுத்தவர், கேட்டதோடு நின்றுவிடாமல் தஞ்சைச் சீமைக்கே வந்து நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் உட்கார்ந்து கற்றார். பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியமர்ந்து, அங்கே ஒரு பயிற்சிக்கூடமும் நடத்தினார். மொழி வேறு, மதம் வேறு, தேசம் வேறு. பக்கத்தில் உட்கார்ந்து கற்றதால்தான் பாணி அவருடையதே ஆகிவிட்டது.

5. ரேடியோவிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. நம் டெல்டா முழுவதற்கும் அதுதான் ரேடியோ. காலையில் மங்கள இசையோடு ஒலிபரப்பு தொடங்கும். பெரும்பாலும் நாகஸ்வரம். பஞ்சாயத்துப் போர்டு வாசலில், பூங்காவில், டீக்கடையில் ஒரு பெட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள். இப்போது ஆளுக்கொரு போன், காதுக்கொரு செருகி. அன்றைக்குக் கேட்டவர்கள் பெட்டியை மட்டும் கேட்கவில்லை. ஒருவர் “ஆகா” என்றால் பக்கத்திலிருப்பவர் காது கூர்மையாகும். ராகம் தெரியாதவருக்குத் தெரிந்தவர் சொல்லிக் கொடுப்பார். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணியும் காம்போதியும் பிரித்துத் தெரிந்தது அப்படித்தான்.

சங்கீதத்துக்கு மட்டும் இல்லை, வயலுக்கும் அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்தது. 1960-களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 என்ற ரகம் வந்தது. குறுகிய காலப் பயிர், குறுவைக்கு ஏற்றது, ஜப்பான் நெல்லோடு நம் நெல்லைச் சேர்த்து உண்டாக்கியது. திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பில் அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு விவசாயிகள் விதைத்தார்கள். அதற்கு ஊரார் வைத்த பெயர் “ரேடியோ நெல்”. வேளாண்மை அலுவலகம் வைத்த பெயர் இல்லை, வரப்பில் நின்றவர்கள் தாங்களே வைத்துக்கொண்டது.

ஒரு பயிருக்கு ரேடியோ என்று பெயர் வைக்கும் அளவுக்கு அந்தப் பெட்டியை அவர்கள் எப்படி நம்பினார்கள்? பேசினவர்கள் நம் பக்கத்துப் பேச்சில் பேசினார்கள். குறுவை, தாளடி, நாற்றங்கால், மேட்டூர்த் திறப்பு என்று விவசாயிகள் வாயில் புழங்கும் சொற்களில் பேசினார்கள். அதைவிட முக்கியம், கேட்டவர்கள் திருப்பிக் கேட்க வழி இருந்தது. கார்டு எழுதிப் போட்டால் பதில் ரேடியோவிலேயே வரும். தன் கேள்விக்குப் பதில் வந்த மனிதருக்கு அந்தக் குரல் சொந்தக்காரர் குரலாகிவிடும்.

நீங்கள் ஒரு வாசிப்பை வலையில் ஏற்றினால் கீழே நாலு பேர் எதையாவது கேட்டிருப்பார்கள். அவர்களுக்குப் பதில் எழுதுங்கள். “இது என்ன ராகம்?” என்று கேட்டவருக்கு ராகத்தின் பெயரோடு, அதே ராகத்தில் இன்னும் நாலு வரி வாசித்து அனுப்புங்கள். எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை விட்டுவிடுங்கள். யார் இரண்டாம் முறை வந்தார் என்று பாருங்கள். அவர்தான் உங்கள் ரசிகர். பெயர் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. தி. ஜானகிராமனின் “செய்தி” கதையைப் படியுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் தேவங்குடியில் பிறந்தவர், சங்கீதம் கற்றவர், அகில இந்திய வானொலியில் பல காலம் வேலை பார்த்தவர். அந்தக் கதையில் நம் மொழியும் சங்கீதமும் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரர் எதிரே நம்மூர் வித்வான் ஒருவர் உட்கார்ந்து நாகஸ்வரம் வாசிக்கிறார். கேட்டவருக்குள் என்ன போய்ச் சேர்ந்தது என்பதுதான் கதை. நான் விளக்கினால் கெட்டுவிடும். படித்துவிட்டு, வித்வானும் அந்த மனிதரும் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒலிபரப்பையே தொழிலாகக் கொண்டவர் அப்படி ஒரு சந்திப்பை ஒரு வீட்டுக்குள் நேருக்கு நேர் வைத்து எழுதியிருக்கிறார். அதைச் சும்மா வைத்திருக்க மாட்டார்.

7. எல்லார் பெயரையும் சொல்லுங்கள்.

1010-இல் முடிந்த நம் பெரிய கோயிலின் சுவரைப் போய்ப் பாருங்கள். கோயிலில் ஆடுவதற்காக ராஜராஜன் குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர் அங்கே வெட்டியிருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று எல்லாம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், அதுவும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து. நட்டுவனார், வங்கியம் ஊதுவோர், உடுக்கை வாசிப்போர், சங்கு ஊதுவோர், குடை பிடிப்போர், தையல்காரர், கணக்கர் வரைக்கும் சுவரில் இடம் உண்டு. கல்லில் எழுத எவ்வளவு உழைப்பு! அப்படியும் ஒருவரையும் விடவில்லை.

இப்போது வீடியோவுக்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், காசு கிடையாது. ஆனால் நாயனக்காரர் பெயர் மட்டும் இருக்கும். தவில்காரர் பெயர் சில நேரம் இருக்கும். ஒத்து ஊதினவர், தாளம் போட்டவர் யார் என்று எதிலும் இருக்காது. மூச்சு விடாமல் சுருதியைப் பிடித்துக் கொடுத்த அந்த மனிதர் இல்லாவிட்டால் உங்கள் வாசிப்புக்கு நிற்க இடம் இல்லை. நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு பதிவிலும் செட்டிலிருக்கிற அத்தனை பேர் பெயரையும், ஊரையும், வாத்தியத்தையும் எழுதுங்கள். வாசித்த கோயில் பெயரும் தேதியும் எழுதுங்கள். அடுத்தவர் பதிவைப் பகிரும்போதும் இதையே செய்யுங்கள்.

8. கெட்டிமேளம் ஒரு தரம்தான்.

கல்யாண வீட்டில் நம் காதும் கண்ணும் மணவறையில் இருக்க வேண்டும். பெரியவர் விரலைத் தூக்கினால் கெட்டிமேளம். அந்த நொடியில் வேறு எந்தச் சொல்லும், தும்மலும், அழுகையும் காதில் விழக்கூடாது என்பதற்காக எழுப்புகிற சத்தம் அது. இப்போது மணவறையை வளைத்துக் கேமராக்காரர்கள் நிற்கிறார்கள். விரல் தெரிவதில்லை. சில இடத்தில், “சரியா விழலை, இன்னொரு தரம் கட்டுங்க, மேளம் வாசிங்க” என்கிறார்கள். வாசிக்காதீர்கள். சண்டையும் போடாதீர்கள். “ஆனந்தம் வாசிக்கிறோம்ங்க” என்று அடுத்த கீர்த்தனைக்குப் போய்விடுங்கள். மணவறைக்கும் உங்களுக்கும் நடுவே யாரும் மறைக்காமல் ஒரு வழி வேண்டும் என்று முகூர்த்தத்துக்கு முன்பே வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிவையுங்கள்.

9. கடல் தாண்டியிருக்கும் பிள்ளைகளுக்கு.

டொரண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு வீடியோவில் கற்கிற பிள்ளைகள் இருக்கிறீர்கள். நம் தொழிலுக்குக் கடல் தாண்டிய உறவு புதிது இல்லை. டெல்டா வித்வான்கள் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணம் போய் வாசித்தார்கள். அங்கிருந்து தவில் தெட்சிணாமூர்த்தி இங்கே வந்து நம்மவர்களை வாய்பிளக்க வைத்தார். அன்றைக்குத் தோணி, கப்பல். இன்றைக்கு ஜூம்.

வீடியோ வகுப்புக்கு இரண்டு காரியம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அந்தச் செயலி இடைவிடாமல் ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். சுருதிப் பெட்டியும் ஒத்தும் அதற்கு இரைச்சல்தான். அமைப்பில் போய் “ஒரிஜினல் சவுண்ட்” என்பதைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குருநாதர் காதில் சுருதி இல்லாத வாசிப்புத்தான் விழும். அவர் திருத்துவதும் தப்பாகப் போகும். இன்னொன்று, ஒலி போய்ச் சேர எப்போதும் கொஞ்சம் தாமதம் உண்டு. விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம்கூடத் தாளத்தைக் குலைத்துவிடும். சேர்ந்து வாசிக்க முயலவே வேண்டாம். குரு ஒரு சங்கதி, பிறகு நீங்கள் ஒரு சங்கதி. நடுவில் பேச வேண்டாம். தவில் பழகுகிறவர்கள் சொல்லை வாயால் சொல்லிக் காட்டி ஒப்புக்கொடுங்கள். வலந்தலையில் கூடு போட்ட விரல் எப்படி விழுகிறது என்பதைக் கேமரா பக்கவாட்டில் இருந்தால்தான் அவர் பார்க்க முடியும்.

இப்படி ஐந்து ஆண்டு கற்றாலும் ஒத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற அனுபவம் கிடைக்காது. ஆண்டுக்கு ஒரு தரமாவது வாருங்கள். புஷ்ய பகுள பஞ்சமியை ஒட்டித் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும்போது வந்தால் நல்லது. பஞ்சரத்தினம் பாடுவதை வானொலியும் தொலைக்காட்சியும் நேரலையாகக் கொடுக்கின்றன, பார்த்திருப்பீர்கள். ஆனால் திரையில் வராதது நிறைய உண்டு. தங்கும் வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில், காவிரிப் படித்துறையில் வித்வான்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதைப் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

10. சீவாளியைத் தபாலில் வாங்காதீர்கள்.

இப்போது போனிலேயே சொல்லி அனுப்பச் சொல்கிறார்கள், கூரியரில் வருகிறது. அவசரத்துக்குச் சரி. ஆனால் வாத்தியத்தின் உயிர் அந்தத் துண்டு நாணலில் இருக்கிறது. திருவாவடுதுறையில் காலம்காலமாகச் சீவாளி செய்கிற கைகள் இருக்கின்றன. நேரில் போனால் சீவாளி செய்கிறவர் முதலில் உங்களை வாசிக்கச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உங்கள் மூச்சு எவ்வளவு, உதடு எப்படிப் பிடிக்கிறது, மேல் ஸ்தாயியில் எங்கே திணறுகிறீர்கள் என்று கண்டுபிடித்து, அதற்குத் தகுந்தபடி சீவிக் கொடுப்பார். மறுபடி வாசிக்கச் சொல்வார். மறுபடி சீவுவார். உங்கள் வாசிப்பை அவ்வளவு கவனமாகக் கேட்கும் காது வேறெங்கும் லேசில் கிடைக்காது. குளிர்தேசத்தில் வாசிக்கிறவர்கள் அங்கே சீவாளி காய்ந்துபோகும் விதத்தையும் அவரிடம் சொல்லுங்கள், அதற்கும் ஏதாவது வைத்திருப்பார். காலையிலேயே போய்விடுங்கள். உங்கள் நாயனத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், அவரிடம் இருக்கிற வேறொன்றில் வாசித்துப் பார்த்துச் சீவாளி வாங்க முடியாது.